இருபது பேருக்கு ஐந்து பெட்டி

வியாழக்கிழமை தோறும் தம்பி வீட்டுக்குப் பெல்கிரேடிலிருந்து ஒரு பெட்டி வரும். அந்தப் பெட்டியை ராய்னாவுக்குப் பிடிக்காது. உள்ளே எல்லாமே சின்னச் சின்னதாக இருக்கும். ஒரு உறையில் இரண்டு தேக்கரண்டி எள், கட்டைவிரல் உயரக் குப்பியில் வினிகர், உரித்துப் பொதிந்த மூன்று பூண்டுப் பற்கள். பொம்மை வீட்டுக்கு மளிகை வாங்கியது போல. எதை எப்போது வாணலியில் போட வேண்டும் என்று படம் போட்டுச் சொல்லும் அட்டை ஒன்றும் கூடவே வரும்.

"பூண்டு உரிக்கக்கூட ஆள் வெச்சிருக்கியா நீ?" என்று கேட்டபடியே அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். டிசம்பர் மாதத்தின் முதல் வியாழக்கிழமை அது. வெளியே காற்று பான்செவோ நகரத்து மரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

தம்பி மனைவி நேஷா சிரித்தாள். ஸ்லோவீனியாக்காரி. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை. ஒரு மயிரிழை கூடினாலும் பல் வாயில் உட்காராது என்பதால் எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவாள்.

"கிண்டல் பண்ணுங்க அக்கா. ஆனா எதுவும் வீணாகறதில்ல. முன்னெல்லாம் ஒரு கட்டு செலரி வாங்குவேன். ரெண்டு தண்டு போடுவேன். மீதி அழுகிப் போகும்."

"நாங்க அழுக விட மாட்டோம். சூப்புல போடுவோம்."

"உங்க கைக்கே எல்லாம் தெரியும். எனக்கு யார் சொல்லிக் குடுத்தா? எங்கம்மா முட்டை அவிக்கிறதோட சரி. இந்தப் பெட்டி வந்த ஒரு வருஷத்துல நாப்பது அயிட்டம் கத்துக்கிட்டேன். வேலை விட்டு ஆறு மணிக்கு வரேன், ஆறே முக்காலுக்குச் சாப்பாடு மேஜைல இருக்கு."

"அட்டை வராத அன்னைக்கு?"

"வராம இருக்காது அக்கா. சந்தா கட்டியிருக்கோம்ல."

ராய்னாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு மழலையர் பள்ளியின் சமையலறை அவள் பொறுப்பில் இருந்தது. தொண்ணூறு குழந்தைகளுக்கு நாள்தோறும் சமைக்கிறவள். தராசு எடுத்ததே கிடையாது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கணவனை விட்டு வந்தபோது அவள் இழந்ததில் அவளுக்கு வலித்தது ஒன்றுதான்: அவன் வீட்டு ஸ்லாவா. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காவல் புனிதர், அவருக்கு ஒரு நாள், அந்த நாளில் திறந்த கதவு. மணமான பெண்ணுக்குக் கணவன் வீட்டுப் புனிதர்தான். விட்டு வந்தவளுக்கு யாரும் இல்லை. அம்மா அவளைத் தன் சமையலறைக்குள் சேர்த்துக்கொண்டாள். பிறந்த வீட்டுப் புனிதர் நிக்கோலாஸ். அதன் பிறகு ஒவ்வொரு டிசம்பர் பத்தொன்பதிலும், புனித நிக்கோலாஸ் நாளில், அந்த வீட்டு அடுப்பு ராய்னாவுடையதாக இருந்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பாள், வந்தவர்கள் ராய்னாவின் கையைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள்.

போன வருடம் மார்ச்சில் அம்மா இறந்தாள். இந்த நவம்பரில் தம்பி திஹோமிர் தொலைபேசியில் சொன்னான். "அக்கா, இந்தத் தடவை நீ விருந்தாளியா வந்து உக்காரு. இத்தனை வருஷம் நின்னது போதும். நேஷா பாத்துக்கறா." அவன் அன்பாகத்தான் சொன்னான். அதனால் அவளால் சண்டை போடக்கூட முடியவில்லை.

நேஷா காப்பியை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். குரல் தாழ்ந்தது.

"ஒரு விஷயம் சொல்றேன். திஹோமிர்கிட்ட சொல்லாதீங்க."

"சொல்லு."

"ஸ்லாவாவுக்கும் பெட்டிதான் சொல்லியிருக்கேன். அன்னைக்கு மட்டும் பெட்டி வேண்டாம், அம்மா மாதிரி நீயே செய்னு அவர் சொன்னார். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டு இருக்கார். எனக்குப் பயமா இருக்கு அக்கா. விரத நாள் வேற. இறைச்சி கூடாது, பால் கூடாது, முட்டை கூடாது. எங்கேயாவது வெண்ணெயைப் போட்டுத் தொலைச்சேன்னா? அவங்க விரதத்துக்குன்னே தனியா ஒரு பெட்டி வெச்சிருக்காங்க. டிரவுட் மீன், பீன்ஸ், உருளைக்கிழங்கு சாலட். ஒரு பெட்டி நாலு பேருக்கு. அஞ்சு பெட்டி சொல்லியிருக்கேன்."

"இருபது பேருக்கு."

"போன வருஷம் நான் எண்ணினேன். பதினாறு பேர் வந்தாங்க. ஒரு நாலு பேர் கூட வந்தாலும் சமாளிச்சுடலாம்." அவள் ராய்னாவின் முகத்தைப் பார்த்தாள். "இருபது போதுமா அக்கா?"

நேஷா இந்த வீட்டில் பார்த்தது ஒரே ஒரு ஸ்லாவா. அது துக்க வருடத்து ஸ்லாவா. வீட்டில் சாவு விழுந்த வருடத்தில் ஊர் விலகி நிற்கும். மெழுகுவர்த்தி ஏற்றி, ரொட்டியை வெட்டி, நெருங்கிய சொந்தம் மட்டும் கூடிக் கலையும். துக்கம் கழிந்த அடுத்த வருடம் விட்டுப்போனவர்கள் எல்லோரும் சேர்ந்து வருவார்கள். பான்செவோவில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. திஹோமிருக்கும் தெரியும். ஆனால் அவன் வீட்டுத்தலைவன். வாசலில் நின்று பிராந்தி ஊற்றுவது அவன் வேலை. சட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த வீட்டு ஆண்கள் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை.

ராய்னா காப்பியை ஒரு வாய் குடித்தாள். அந்த ஒரு வாய் குடிக்கும் நேரத்துக்கு அவளால் வேறு பதில் சொல்லியிருக்க முடியும்.

"தாராளமா போதும்மா," என்றாள். "மிஞ்சும்கூட."

நேஷா எழுந்து வந்து அவள் கன்னத்தில் முத்தமிட்டாள்.

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. அழைத்தால் அது பிறந்தநாள் விருந்தாகிவிடும். வருகிறவர்கள் தாமாகவே வருவார்கள், வந்தவர்களை எண்ணக்கூடாது. எனவே ராய்னாவும் யாரையும் அழைக்கவில்லை. சந்தையில் மீன்காரியிடம், "தம்பி வீடு இந்த வருஷம் திறந்திருக்கு, கடவுள் புண்ணியம்," என்றாள். தேவாலயப் பாடகர் குழுவில் சொன்னாள். அப்பா முப்பது வருடம் வேலை பார்த்த கண்ணாடித் தொழிற்சாலையின் ஓய்வூதியர் மன்றத்துக்கு வேலை மெனக்கெட்டுப் போய், சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த கிழவர்களிடம் சொன்னாள். "புது மருமக சமைக்கறா. பாவம், யாரும் வராம இருந்தா மனசு ஒடிஞ்சு போயிடுவா." இதைச் சொன்னபோது அவள் கண்கள் நிஜமாகவே கலங்கின. அது அவளுக்கே வியப்பாக இருந்தது.

முந்தின நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தன் வீட்டில் சமைத்தாள். வெங்காயம் வாரிப்போட்டு வெள்ளை பீன்ஸை மண்சட்டிகளில் சுட்டெடுத்தாள். புளித்த முட்டைக்கோஸ் இலைகளில் அரிசியும் வால்நட்டும் வைத்துச் சுற்றினாள். கெண்டை மீன் குழம்பு வைத்தாள். ஆறு பெரிய சட்டிகள். காலையில் அவற்றைக் காரின் பின்பக்கத்தில் அடுக்கிப் போர்வை போட்டாள். தம்பி தானாக வந்து, "அக்கா, நீதான் காப்பாத்தணும்," என்று கேட்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஆறு சட்டிகள். அதைக் கேட்டுவிட்டால் அடுப்பு மறுபடி அவளுடையது.

பாதிரியார் காலையிலேயே வந்து ரொட்டியை ஆசீர்வதித்துவிட்டுப் போயிருந்தார். நண்பகலில் முதல் கூட்டம் வந்தது. பதினான்கு பேர். திஹோமிர் கறுப்பு கோட்டில் வாசலுக்கும் மேஜைக்கும் இடையே நின்றுகொண்டே இருந்தான். நேஷா தட்டுகளோடு வந்தாள். ஆளுக்கொரு தட்டு. அதில் ஒரு துண்டு மீன், மேலே பொன்னிறமாக வறுத்த வால்நட் தூள், பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் பீன்ஸ், எலுமிச்சைத் துண்டு ஒன்று.

கீழ்வீட்டு லூபிங்கா தன் தட்டைச் சற்றே சுழற்றிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரில இப்படித்தான் தருவாங்க. ஆளுக்கு ஒண்ணு. மாத்திரை மட்டும் காணோம்."

"வாயை மூடிக்கிட்டுத் தின்னு," என்றார் ஸ்வெதோசார். அப்பாவோடு ஒரே உலையில் வேலை பார்த்த கிழவர். ஒரு வாய் வைத்தார், தலையை ஆட்டினார். "மருமவளே, மீன் பிரமாதம். பூதக்கண்ணாடி இருந்தா இன்னும் பிரமாதமா இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நேஷாவும் சிரித்தாள். மீன் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ராய்னா அதை மனதுக்குள் ஒப்புக்கொண்டாள். ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் ஈரம் காயாமல், அட்டை சொன்ன நிமிடக் கணக்குப்படி. தன் துண்டை முடித்துவிட்டுத் தட்டை நீட்டினாள்.

"இன்னொண்ணு கொண்டாம்மா. அருமையா இருக்கு."

நேஷா ஒரு கணம் தயங்கினாள். ஸ்லாவா மேஜையில் இல்லை என்ற சொல் கிடையாது. உள்ளே போய் இன்னொரு தட்டு கொண்டுவந்தாள். அதைப் பார்த்த பாடகர் குழுப் பெண்கள் இருவர் தங்கள் தட்டுகளையும் நீட்டினார்கள்.

ஒரு மணிக்குக் கதவு மறுபடி திறந்தது. மீன்காரி, அவள் கணவன், அவன் அண்ணன். அவர்களுக்குப் பின்னால் ஓய்வூதியர் மன்றமே மாடிப்படியில் மூச்சிரைத்து நின்றது, கையில் ஆளுக்கொரு பாட்டிலோடு. திஹோமிர் மலர்ந்துபோனான். "வாங்க, வாங்க. அப்பா பாத்தா எவ்வளவு சந்தோஷப்படுவார்." வந்தவர்களைக் கட்டிப்பிடித்தான், நாற்காலி போட்டான், சமையலறைப் பக்கம் திரும்பி, "நேஷா, பதினோரு பேர்," என்று குரல் கொடுத்தான்.

 உள்ளேயிருந்து கத்தி பலகையில் படும் சத்தம் மட்டும் வந்தது. ராய்னாவுக்கு அந்தச் சத்தம் புரிந்தது. துண்டுகளைப் பாதியாக்குகிறாள். அடுத்து வந்த தட்டுகளில் மீன் தீப்பெட்டி அளவில் இருந்தது. அதற்கடுத்து வந்ததில் மீன் இல்லை. பீன்ஸ் மட்டும், அதுவும் கிண்ணத்தின் அடியில்.

இரண்டு மணிக்கு ராய்னா தண்ணீர் எடுக்கப் போகிறவள் போல உள்ளே போனாள். நேஷா வெறும் தட்டங்களுக்கு நடுவே நின்றிருந்தாள். நெற்றியில் மாவு.

"அக்கா, முப்பத்தெட்டு பேர் இருக்காங்க. இன்னும் வராங்க. நீங்க போதும்னு சொன்னீங்களே."

"ஸ்லாவாவுல ஆளை எண்ணக்கூடாது. ஆகாது."

"நான் என்ன செய்யட்டும்?"

"எனக்கென்ன தெரியும்? நான் இன்னைக்கு விருந்தாளி." ராய்னா தண்ணீரை மெதுவாகக் குடித்தாள். "அட்டைல என்ன போட்டிருக்குன்னு பாரேன்."

திரும்பி வந்து உட்கார்ந்ததும் லூபிங்காவின் தோளைத் தட்டினாள். "ஒயின் தீர்ந்துபோச்சு. பால்கனில இருக்கும். எடுத்துட்டு வாயேன், உனக்குத்தான் முழங்கால் நல்லா இருக்கு."

பால்கனியில் ஒயின் இல்லை. ஐந்து காலிப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. லூபிங்கா கையில் ஒரு அட்டையோடு வந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"மீனை ஆறு நிமிடம் வறுக்கவும். சாறை மேலே ஊற்றவும். இப்போது பாராட்டுகளுக்குத் தயாராகுங்கள்."

மேஜை வெடித்துச் சிரித்தது. ஓய்வூதியர் ஒருவருக்குப் புரையேறியது. "அஞ்சு பெட்டிப்பா," என்றாள் லூபிங்கா. "புனித நிக்கோலாஸே பார்சல்ல வந்திருக்கார்." மறுபடி சிரிப்பு. திஹோமிர் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் காது மடல்கள் சிவந்தன. சமையலறை வாசலில் நேஷா வெறுங்கையோடு நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அக்காவின் பக்கம் வந்து குனிந்தான்.

"அக்கா," என்றான் மெல்ல. "நீதான் காப்பாத்தணும்."

எதிர்பார்த்த வாக்கியம் எழுத்துப் பிசகாமல் வந்தது. ராய்னா கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள், பதறாமல் எழுந்தாள். "கார்ல கொஞ்சம் இருக்கு. ரெண்டு பேரை அனுப்பு."

ஆறு சட்டிகளும் மாடியேறி வந்தபோது கூடத்தில் கைதட்டல் எழுந்தது. நேஷா அடுப்பை மூட்டினாள். சட்டிகள் டிசம்பர்க் குளிரில் கல்லாக விறைத்திருந்தன. மூடியைத் திறந்து மேலே படிந்திருந்த எண்ணெய்ப் படலத்தை விரலால் தொட்டாள்.

"இது இன்னைக்குச் செஞ்சது இல்ல."

"நேத்து," என்றாள் ராய்னா. குரலில் பெருமை இருந்தது. "நாள் பூரா நின்னேன்."

"எத்தனை பேருக்கு?"

"ஒரு அறுபது. என் கை தப்பாது."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நேஷா பல் அச்சைச் சரிபார்க்கிறவளின் பார்வையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்தே அறுபதுன்னு தெரியும். பதினஞ்சு நாள் முன்னாடி இருபது போதும்னு சொன்னீங்க."

"நீ கேட்டே, நான் சொன்னேன். கூட்டத்தை நானா கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்?"

நேஷா அழுவாள் என்று ராய்னா காத்திருந்தாள். அவள் அழவில்லை. முகத்தைக் கழுவினாள், ஏப்ரனை மாற்றினாள், குழம்பு கொதித்ததும் மிகப் பெரிய சட்டியைத் துணி சுற்றித் தூக்கி இடுப்பில் அணைத்துக்கொண்டு கூடத்துக்குள் போனாள். ராய்னா பின்னால் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

நேஷா முதலில் ஸ்வெதோசாரிடம் போனாள். கரண்டி நிறைய எடுத்து ஊற்றினாள்.

"இது எங்க ராய்னா அக்கா செஞ்சது. அறுபது பேருக்கு. நேத்தே."

"நேத்தேவா?" கிழவர் நிமிர்ந்தார்.

"ஆமா. இருபது பேருக்குப் போதுமான்னு நான் கேட்டேன். தாராளமா போதும்னாங்க. அப்பறம் வீட்டுக்குப் போய் அறுபது பேருக்குச் சமைச்சிருக்காங்க. எப்படிப்பட்ட மனசு பாருங்க."

கூடத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள். நேஷா அடுத்த தட்டுக்குப் போனாள். அதே புன்னகை, அதே குரல். "ராய்னா அக்கா செஞ்சது. அறுபது பேருக்கு. நேத்தே." மீன்காரி தட்டைக் கீழே வைத்தாள். அடுத்த தட்டு. அடுத்த தட்டு. ஒருவரையும் விடவில்லை. மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். ராய்னா மேஜை விரிப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதை மூட முடியாது. இருபத்து மூன்றாவது முறையாகக் கேட்டபோது மன்றத்துக் கிழவர் ஒருவர் வெகுளியாகச் சொன்னார்.

"ஆமா, இந்தப் புள்ளதானே மன்றத்துக்கு வந்து சொன்னது, யாரும் வராம இருந்துடாதீங்கன்னு."

"எங்ககிட்டயும் சொன்னா," என்றாள் பாடகர் குழுப் பெண் ஒருத்தி.

"எங்கிட்ட சந்தைல," என்றாள் மீன்காரி.

திஹோமிர் ஒரு பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். ஊற்றிக்கொண்டிருந்த கோப்பை வழிந்தது. பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, இத்தனை பேர் வருவாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். அத்தனை முகங்களுக்கு நடுவே எந்தப் பொய்யும் நிற்காது என்று தோன்றியது. அதோடு, இவ்வளவு தூரம் வந்தபின் உண்மையைச் சொல்வதில் ஒரு திமிரான சுகமும் இருந்தது.

"தெரியும்," என்றாள். "என் அடுப்பை எடுத்துப் பெட்டிக்காரிக்குக் குடுத்தியே. அன்னைக்கே தெரியும்."

 ஸ்வெதோசார் கரண்டியை ஓசைப்படாமல் தட்டோரம் வைத்துவிட்டுத் தொப்பியைத் தேடினார். அவர் எழுந்ததும் மன்றம் எழுந்தது. மேலங்கிகள் கை மாறின. பாதி தின்ற தட்டுகள் ஆவி பறக்க மேஜையிலேயே கிடந்தன. திஹோமிர் முறைப்படி வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் குலுக்கினான். ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொன்னான்.

"அடுத்த வருஷம் சிரமப்பட வேண்டாம். மெழுகுவர்த்தி மட்டும் ஏத்தறோம்."

"துக்க வீடு இல்லையேடா," என்றார் ஸ்வெதோசார்.

"இல்ல. ஆனா திறக்க மாட்டோம்."

"எத்தனை வருஷத்துக்கு?"

"இனிமே."

கிழவர் கூடத்துப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். ராய்னாவுக்குப் புரிந்தது. அழைக்காமல் வருகிற வீட்டுக்கு ஒருத்தியை மட்டும் வராதே என்று சொல்ல வழியில்லை. சொல்ல வேண்டுமென்றால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் கதவை மூட வேண்டும். தம்பி மூடிவிட்டான். நேஷாவின் அடுப்பும் அதோடு போனது, ராய்னாவின் அடுப்பும் போனது.

கடைசியாக லூபிங்கா போனாள், அட்டையை மேஜையிலேயே போட்டுவிட்டு. திஹோமிர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். காலிப் பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கும் சத்தம் கேட்டது.

"சந்தோஷமா?" என்றாள் ராய்னா. "இனிமே புனித நிக்கோலாஸ் நாளுக்கு என்ன தின்னுவீங்க?"

"வியாழக்கிழமை பெட்டி வரும்," என்றாள் நேஷா. "ரெண்டு பேருக்கு அளவா இருக்கும்."

அவள் பீன்ஸ் சட்டியை ராய்னாவின் எதிரில் கொண்டுவந்து வைத்தாள். அது நிறைந்திருந்தது. ஒரு பெரிய கரண்டி எடுத்து ராய்னாவின் தட்டில் போட்டாள். அதன் மேல் இன்னொன்று. பின் முட்டைக்கோஸ் சுருள்கள் நான்கு. குழம்பைச் சுற்றிலும் ஊற்றினாள். தட்டின் விளிம்பு வரை வந்து நின்றது.

"சாப்பிடுங்க அக்கா."

ஸ்லாவா மேஜையில் வைத்ததை மறுக்கும் வழக்கம் இல்லை. நேஷா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் உட்கார்வது அதுதான் முதல் தடவை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ராய்னா கரண்டியை எடுத்தாள். உப்பு சரியாகவே இருந்தது. அவள் விழுங்கினாள். தட்டில் ஒரு மூலை காலியானதும் நேஷா கை நீட்டி அதை நிரப்பினாள்.